சிறுமத்தின் வரலாறு: யூனிக்ஸ் முதல் ஆர்ச் லினக்ஸ் வரை

முன்னுரை

கணிப்பொறியின் வன்பொருளுக்கும் அதனைப் பயன்படுத்துவோருக்கும் இடையே நின்று, நினைவகத்தைப் பங்கிடுதல், கோப்புகளைக் காத்தல், விசைப்பலகையில் தட்டப்படுவதை உரிய நிரலிடம் சேர்த்தல் முதலான பணிகளை ஆற்றும் மென்பொருள் தொகுதி இயங்குதளம் எனப்படும். இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் இயங்குதளங்கள் எழுதுதல், படம் பார்த்தல், இசை கேட்டல், விளையாடுதல் என அனைத்துக்குமான நிரல்களால் நிறைக்கப்பட்ட நிலையிலேயே கைக்கு வருகின்றன. இதற்கு மாறாக, கெர்னல் எனப்படும் கருநிரலையும் இன்றியமையாத சில கட்டளைகளையும் மட்டும் தந்து, ஏனையவற்றைப் பயனாளரே தேர்ந்து சேர்த்துக்கொள்ளுமாறு விடும் இயங்குதளங்களும் உள்ளன. இவற்றின் மூலநிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டிருக்கும். இத்தகையவற்றைச் 'சிறும இயங்குதளங்கள்' என இக்கட்டுரை சுட்டுகிறது. சிறுமை என்னும் சொல்லுக்குத் தமிழில் இழிவு என்னும் பொருளும் உண்டாதலின், அளவின் கீழெல்லையைக் குறிக்கும் சிறுமம் என்னும் கலைச்சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

சிறுமம் என்பது அளவு பற்றிய செய்தி மட்டும் அன்று. எது தேவை, எது தேவையற்றது எனத் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது பற்றிய செய்தியும் ஆகும். இக்கருதுகோளை முன்வைத்து, 1969இல் தொடங்கிய யூனிக்சின் வழியில் வந்த ஆர்ச் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ் எழுத்து இத்தகைய தளங்களில் பெறும் இடமும் இவ்வாராய்ச்சியுள் அடங்கும்.

வறுமையில் உருவான வடிவம்

1960களின் நடுப்பகுதியில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம், பெல் ஆய்வகம் ஆகிய மூன்றும் இணைந்து மல்டிக்ஸ் என்னும் பேரியங்குதளத்தை உருவாக்க முற்பட்டன. ஒரே பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தத்தக்க எல்லா வசதிகளையும் ஒருங்கே தருவது அதன் நோக்கம். பணி நீண்டது, செலவு பெருகியது. 1969இல் பெல் ஆய்வகம் அத்திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. விலகியபின் அங்கிருந்த கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோருக்குப் பெரிய பொறி எதுவும் கிட்டவில்லை. அதிகம் பயன்படாதிருந்த பி.டி.பி.-7 என்னும் பழைய பொறி ஒன்றே கிடைத்தது. அதன் நினைவகம் 18 பிட் அளவுள்ள 8,000 சொற்களை மட்டுமே கொள்ளும். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 18 கிலோபைட். சிறிய ஒளிப்படம் ஒன்றுக்கும் இவ்விடம் போதாது.

இவ்வெல்லைக்குள் எழுதப்பட்டதே யூனிக்ஸ். 1971 அளவில் பி.டி.பி.-11 என்னும் பொறிக்கு அது மாறியபோதும் நினைவகம் 24 கிலோபைட் மட்டுமே இருந்தது. அதில் 12 கிலோபைட்டை இயங்குதளம் எடுத்துக்கொண்டது. கோப்புகளைப் பட்டியலிடவும் படியெடுக்கவும் இடம் மாற்றவும் நீக்கவும் உதவும் கட்டளைகள் ஈரெழுத்துப் பெயர்களைப் பெற்றன. மெதுவாக அச்சிடும் தட்டச்சு முனையங்களில் பணிசெய்வோருக்கு ஒவ்வோர் எழுத்தும் ஒரு சுமை. அச்சுமையின் சுவடு இன்றுவரை அக்கட்டளைப் பெயர்களில் தங்கியிருக்கிறது.

1973இல் டக் மக்கில்ராயின் தூண்டுதலால் 'குழாய்' என்னும் உத்தி யூனிக்சில் சேர்க்கப்பட்டது. ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொரு நிரலின் உள்ளீடாகச் செலுத்துவதே அவ்வுத்தி. சொற்களைப் பிரிக்க ஒரு நிரல், வரிசைப்படுத்த ஒரு நிரல், மீண்டும் வருவனவற்றை நீக்க ஒரு நிரல் என மூன்றையும் குழாயால் கோத்தால் ஒரு நூலின் சொல்லடைவு கிடைத்துவிடும். சொல்லடைவுக்கென்று தனியே ஒரு பெருநிரல் வேண்டுவதில்லை. விதியால் நேர்ந்த சிறுமம் கொள்கையாக மாறத் தொடங்கிய இடம் இதுவே எனலாம். நினைவகம் பெருகிய பின்னரும், ஒரு நிரல் ஒரு பணியை மட்டும் செம்மையாகச் செய்யவேண்டும் என்னும் எண்ணம் யூனிக்ஸ் வழியினரிடம் நிலைத்தது. அதே ஆண்டில் யூனிக்சின் கருநிரல் சி மொழியில் மீண்டும் எழுதப்பட்டது. அதனால் ஒரு பொறியிலிருந்து வேறொரு பொறிக்கு அதனைக் கொண்டுசெல்லுதல் எளிதாயிற்று.

வகுப்பறையும் உரிமமும்

யூனிக்ஸ் பல்கலைக்கழகங்களுக்குப் பரவியதற்குத் தொழில்நுட்பத்தைக் காட்டிலும் சட்டமே பெரிய காரணம். பெல் ஆய்வகத்தின் உரிமையாளரான ஏ.டி. அண்டு டி. நிறுவனம் தொலைத்தொடர்பு தவிர்ந்த பிற வணிகங்களில் ஈடுபடலாகாது என 1956இல் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட உடன்பாடு கட்டுப்படுத்தியது. விற்கமுடியாத மென்பொருளை நிறுவனம் சிறு கட்டணத்தில் கல்வி நிலையங்களுக்கு உரிமமாக வழங்கியது. அதனோடு மூலநிரலும் சென்றது.

சிட்னி நகரிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்னும் பேராசிரியர் 1976இல் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கருநிரலை மாணவர்களுக்குப் பாடமாக வைத்தார். ஏறத்தாழ 9,000 வரிகள் கொண்ட அம்மூலத்துக்கு வரிதோறும் விளக்கம் தரும் உரை ஒன்றையும் எழுதினார். மூலம் ஒரு தொகுதியாகவும் உரை மற்றொரு தொகுதியாகவும் அமைந்த அந்நூலின் அமைப்பு, மூலமும் உரையும் கூடிய தமிழ்ப் பதிப்புகளில் பழகியோர்க்குப் புதிதாகத் தோன்றாது. ஒரு மாணவர் ஒரு பருவத்தில் முழுமையாகப் படித்து முடிக்கத்தக்க அளவினதாக ஓர் இயங்குதளம் இருந்தது என்பதே இதில் கருதத்தக்கது. ஆனால் 1979இல் ஏழாம் பதிப்பு வெளிவந்தபோது, மூலநிரலை வகுப்பில் பாடமாக நடத்துவதை அதன் உரிமம் தடுத்தது. லயன்சின் உரையை மாணவர்கள் ஒளிநகல் எடுத்துக் கைமாற்றிப் படித்தனர். அது முறையாக அச்சேறியது 1996இல்தான்.

அத்தடையின் விளைவாகவே மினிக்ஸ் தோன்றியது. ஆம்ஸ்டர்டாமின் விரியே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம், பாடம் நடத்தத் தக்க இயங்குதளம் ஒன்றைத் தாமே எழுதி 1987இல் வெளியிட்டார். தம் பாடநூலின் பின்பகுதியில் ஏறத்தாழ 12,000 வரி மூலநிரலை அச்சிட்டும் தந்தார். பயனாளர்கள் புதிய வசதிகளைச் சேர்க்குமாறு தொடர்ந்து வேண்டினர். டேனன்பாம் இணங்கவில்லை. மாணவர்க்கு விளங்கும் அளவைத் தாண்டினால் மினிக்சின் நோக்கம் கெடும் என்பது அவர் நிலை. மேலும், 2000ஆம் ஆண்டுவரை மினிக்சைத் தடையின்றித் திருத்திப் பரப்ப அதன் உரிமம் இடந்தரவில்லை. மினிக்ஸ் சிறியது, ஆயினும் அதன் அளவைத் தீர்மானிக்கும் உரிமை ஆசிரியர் ஒருவரிடமே இருந்தது. கல்வியாளர் என்னும் நிலையில் அவர் செய்தது சரியே எனினும், பயன்படுத்துவோரின் வேட்கைக்கு அங்கு வழியில்லை.

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் அறிவித்த லினக்ஸ், அவ்வேட்கையின் வெளிப்பாடு எனலாம். மினிக்சில் பணியாற்றியவாறே அவர் அதனை எழுதினார். செப்டம்பரில் வெளிவந்த முதற்பதிப்பு ஏறத்தாழ 10,000 வரிகள் கொண்டது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டம் அதற்குள் தொகுப்பான், உரைதிருத்தி, கட்டளைக் கருவிகள் எனப் பலவற்றை உருவாக்கியிருந்தது. முழுமைபெற்ற கருநிரல் ஒன்றே அதற்குக் குறையாக இருந்தது. 1992இல் லினக்ஸ் குனு பொது உரிமத்தின்கீழ் வந்ததும் இரண்டும் பொருந்தின. திருத்துவோர் தம் திருத்தத்தை வெளியிடின் அதன் மூலத்தையும் தரவேண்டும் என்பது அவ்வுரிமத்தின் சாரம்.

மினிக்சின் பிற்கால வரலாறு ஒன்றை இங்கு இடைப்பிறவரலாகக் குறிப்பிடலாம். இன்டெல் நிறுவனத்தின் செயலிகளோடு அமைந்த மேலாண்மைச் சில்லில் மினிக்ஸ் இயங்குவது 2017இல் பரவலாகத் தெரியவந்தது. கற்பிப்பதற்கென எழுதப்பட்ட சிற்றியங்குதளம், உரிமையாளருக்கே தெரியாமல் எண்ணற்ற கணிப்பொறிகளுள் ஓடிக்கொண்டிருந்தது. மினிக்சின் பிற்கால உரிமம் மூலத்தைத் திருப்பித் தருமாறு கேட்பதில்லை. எனவே அச்சில்லில் உள்ளதைப் பயனாளர் படிக்கவோ மாற்றவோ இயலவில்லை. அளவில் சிறியது என்பதும் பயனாளரின் கைக்கு அடங்கியது என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வழங்கல்களின் காலம்

கருநிரலும் கருவிகளும் தனித்தனியே கிடைத்தபோது, அவற்றைத் திரட்டி நிறுவத்தக்க வடிவில் தருவோர் தேவைப்பட்டனர். இத்திரட்டுகள் 'வழங்கல்கள்' எனப்பட்டன. 1992இல் வெளிவந்த எஸ்.எல்.எஸ். என்னும் வழங்கல் பலராலும் பயன்படுத்தப்பட்டது. பிழைகள் மிகுதி என்னும் குறையும் அதன்மேல் இருந்தது. அக்குறையே இரு வழங்கல்களைத் தோற்றுவித்தது. 1993 ஜூலையில் பேட்ரிக் வோல்கர்டிங் ஸ்லாக்வேரை வெளியிட்டார். அடுத்த மாதமே இயன் முர்டாக் டெபியனை அறிவித்தார். இரண்டும் இன்றும் உயிருடன் உள்ளன. ஆனால் சென்ற வழிகள் வேறு. ஒரு பொதி இயங்க வேண்டிய பிற பொதிகளைத் தானே கண்டறிந்து நிறுவும் ஏற்பாட்டை டெபியன் வளர்த்தெடுத்தது. ஸ்லாக்வேர் அப்பொறுப்பைப் பயனாளரிடமே விட்டது. அமைப்புக் கோப்புகள் வெற்று உரையாக இருக்கவேண்டும், அவற்றைப் பயனாளர் தம் கையாலேயே திருத்தவேண்டும் என்பது அதன் மரபு.

2000ஆம் ஆண்டையொட்டி, பெருவழங்கல்கள் பல குறுந்தகடுகளை நிரப்பும் அளவுக்குப் பருத்தன. அவற்றுக்கு எதிர்வினையாகச் சிறும வழங்கல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. இயங்குதளம் முழுவதையும் மூலத்திலிருந்து கையாலேயே கட்டக் கற்பிக்கும் லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் என்னும் நூலை 1999இல் ஜெரார்டு பீக்மன்ஸ் தொடங்கினார். ஒவ்வொரு பொதியையும் பயனாளரின் பொறியிலேயே தொகுக்கும் ஜென்டூ 2002இல் தன் முதற்பதிப்பைக் கண்டது. சுவீடனைச் சேர்ந்த பெர் லிடேன் உருவாக்கிய க்ரக்ஸ் அளவிலும் எளிமையிலும் இவற்றினும் சுருங்கியது.

க்ரக்சின் எளிமையில் ஈடுபட்ட கனடா நாட்டு நிரலாளர் ஜட் வினட், அதில் பொதிகளின் சார்புகளைக் கையாளும் ஏற்பாடு போதாமை கண்டார். பேக்மேன் என்னும் பொதி மேலாளரை எழுதி, அதனைச் சுற்றி ஒரு வழங்கலை அமைத்து, 2002 மார்ச் 11 அன்று ஆர்ச் லினக்ஸ் என்னும் பெயரில் வெளியிட்டார். ஸ்லாக்வேரின் வெற்றுரை மரபையும், டெபியன் வளர்த்த சார்புநிலை மேலாண்மையையும் ஒருசேரக் கொண்டது அவ்வழங்கல். ஆண்டுக்கொரு பதிப்பு என்னும் முறை அதில் இல்லை. ஒவ்வொரு பொதியும் புதுப்பிக்கப்பட்டவுடன் பயனாளரைச் சென்றடையும். ஒருமுறை நிறுவினால் தொடர்ந்து உருண்டோடும் இம்முறை, பதிப்பு எண் என்னும் கருத்தையே தேவையற்றதாக்கியது.

ஆர்ச்: எளிமை யாருக்கு?

ஆர்ச் லினக்சை நிறுவுவோர் முதலிற் காண்பது கரிய திரையும் கட்டளைக்காகக் காத்திருக்கும் குறியுமே. வட்டினைப் பகுதிகளாகப் பிரித்தல், கோப்பமைப்பை உருவாக்குதல், அடிப்படைப் பொதிகளை இறக்குதல், நேர வலயத்தையும் மொழிச்சூழலையும் அமைத்தல், தொடக்க ஏற்றியை நிறுவுதல் என ஒவ்வொன்றையும் கட்டளையாகத் தட்டியே செய்யவேண்டும். தொடக்க ஆண்டுகளில் பட்டியல் திரைகள் கொண்ட நிறுவு நிரல் ஒன்று இருந்தது. அதனைப் பேண ஆளில்லாத நிலையில் 2012இல் அது கைவிடப்பட்டு, சிற்சில துணைக் கட்டளைகள் மட்டுமே எஞ்சின. 2019 அக்டோபரில் அடிப்படைத் தொகுதி மேலும் சுருக்கப்பட்டது. கருநிரலும் உரைதிருத்தியும்கூட அத்தொகுதியிலிருந்து நீக்கப்பட்டன. எந்தக் கருநிரல் வேண்டும், எதைக்கொண்டு கோப்புகளைத் திருத்துவது என்பனவற்றையும் பயனாளரே சொல்லவேண்டும் என்பதாயிற்று.

இங்கு 'எளிமை' என்னும் சொல் பொருள் மாறி நிற்கிறது. பயன்படுத்துவோர்க்கு எளிது என்னும் பொருளில் அச்சொல் ஆளப்படவில்லை; கட்டமைப்பில் தேவையற்ற சேர்க்கை இல்லை என்னும் பொருளிலேயே ஆளப்படுகிறது. ஆர்ச்சின் ஆர்வலர்கள் இவ்விரு பொருளையும் சில வேளைகளில் குழப்பிக்கொள்கின்றனர். முதன்முறை நிறுவ முயன்று வட்டிலிருந்த கோப்புகளை இழந்தவருக்கு, கட்டமைப்பு எளியது என்னும் விளக்கம் ஆறுதல் தருவதில்லை. 2021இல் வழிகாட்டி நிறுவும் நிரல் ஒன்று ஆர்ச்சின் நிறுவல் வட்டில் மீண்டும் இடம்பெற்றமை, ஒன்பதாண்டுகள் கழித்து அவ்வுண்மை ஓரளவேனும் ஏற்கப்பட்டதைக் காட்டுகிறது.

எளிமைக்கு எல்லை எது என்பதும் அவ்வமைப்புக்குள் வழக்குக்கு உரியதாகவே இருந்துவந்தது. தொடக்கத்தில் ஆர்ச்சின் தொடக்க அமைப்புகள் பெரும்பாலும் ஒரே வெற்றுரைக் கோப்பில் அடங்கின. படித்தவுடன் விளங்கும் அக்கோப்பைப் பலர் விரும்பினர். 2012இல் சிஸ்டம்-டி என்னும் பெரிய தொடக்க மேலாளருக்கு ஆர்ச் மாறியபோது அக்கோப்பு வழக்கொழிந்தது. பேணுவோரின் பணி குறைந்தது. ஆயினும் இயங்குதளத்தின் அடித்தளத்தில் ஒருவர் தனித்துப் படித்து முடிக்கமுடியாத நிரல்தொகுதி ஒன்று வந்தமர்ந்தது. லயன்சின் மாணவர்கள் ஒரு பருவத்தில் படித்த 9,000 வரிகளோடு ஒப்பிட, இன்றைய லினக்ஸ் கருநிரல் மட்டுமே மூன்று கோடி வரிகளைக் கடந்துள்ளது. ஆர்ச்சைச் சிறுமம் என்பது, அது தன்மேல் எதனையும் திணிப்பதில்லை என்னும் பொருளிலேயே இன்று பொருந்தும்; ஒருவர் மனத்தில் முழுமையாக அடங்கும் என்னும் பொருளில் அன்று.

பழைய பொறிகளைப் பொறுத்தவரையிலும் இவ்வேறுபாடு தோன்றும். சிறும வழங்கல் என்றாலே பழைய கணிப்பொறிக்கு ஏற்றது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. 50 மெகாபைட் எல்லையைத் தனக்குத்தானே விதித்துக்கொண்ட டாம் ஸ்மால் லினக்ஸ், ஏறத்தாழ 10 மெகாபைட்டில் வரைகலைத் திரையையே தந்த டைனி கோர் ஆகியன அவ்வெண்ணத்துக்கு ஏற்ப அமைந்தவை. ஆர்ச்சோ 2017இல் 32 பிட் செயலிகளுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. ஆர்வலர்கள் தனிக் கிளையாக அதனைத் தொடர்கின்றனர். நெடுங்காலம் உறங்கியிருந்த டாம் ஸ்மால் லினக்ஸ் 2024இல் மீண்டும் வெளிவந்தபோது அதன் எல்லை 700 மெகாபைட் எனத் திருத்தப்பட்டிருந்தது. இணைய உலாவிகள் அவ்வளவுக்குப் பருத்துவிட்ட காலத்தில் பழைய எல்லை நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. சிறுமத்தின் அளவுகோலும் காலத்தால் நீள்வதே.

2024 மார்ச்சு: ஒரு சோதனை

விடுத்தனவற்றாலும் ஓர் இயங்குதளம் காக்கப்படலாம் என்பதை 2024 மார்ச்சு 29 அன்று வெளிப்பட்ட நிகழ்ச்சி காட்டியது. கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்-இசட் என்னும் சிறு கருவி ஏறத்தாழ எல்லா லினக்ஸ் வழங்கல்களிலும் உள்ளது. அதனைத் தனியொருவரே பல்லாண்டுகளாக ஊதியமின்றிப் பேணிவந்தார். புனைபெயரில் வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேல் பணிசெய்து நம்பிக்கையைப் பெற்று, வெளியிடும் உரிமையையும் அடைந்து, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழி ஒன்றைப் புகுத்தியிருந்தார். தொலைவிலிருந்து பொறிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். நிரலைக் கைப்பற்றுவதே அதன் நோக்கம். நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்னும் நிரலாளர், காரணத்தைத் தேடிச் சென்று அதனைக் கண்டறிந்தார்.

எஸ்.எஸ்.எச். நிரல் தன்னியல்பில் எக்ஸ்-இசட்டைப் பயன்படுத்துவதில்லை. டெபியன், ஃபெடோரா முதலிய வழங்கல்கள் சிஸ்டம்-டியோடு பொருந்துவதற்காக அந்நிரலில் ஒரு திருத்தம் செய்திருந்தன. அத்திருத்தத்தின் வழியே எக்ஸ்-இசட்டின் நூலகமும் உடன்வந்து இணைந்தது. ஆர்ச் அத்திருத்தத்தைச் செய்யாமல், மூல ஆசிரியர்கள் தந்தவாறே எஸ்.எஸ்.எச். நிரலை வழங்கியது. எனவே கள்ளவழி சென்றுசேர அங்குப் பாதை அமையவில்லை. ஆயின் இதனைச் சிறுமத்தின் முழு வெற்றியாகக் கொள்ளுதல் பொருந்தாது. புதியன உடனுக்குடன் சேரும் உருளும் முறையினால், நஞ்சு கலந்த அப்பதிப்புகள் ஆர்ச் பயனாளர்களின் பொறிகளில் முன்னரே இறங்கியிருந்தன. ஒரு பண்பு உள்ளே விட்டதை மற்றொரு பண்பு செயலற்றதாக்கியது. சார்புகளைக் குறைக்கவேண்டும் என்னும் பழைய யூனிக்ஸ் எண்ணத்தின் பயனை இதனினும் கூர்மையாக உணர்த்திய நிகழ்ச்சி அண்மையில் இல்லை எனலாம்.

விடப்பட்டவற்றுள் ஒன்று: தமிழ்

எதைச் சேர்ப்பது என்பதைப் பயனாளரிடம் விடுவதாகக் கூறும் இயங்குதளமும் சிலவற்றை முன்கூட்டியே சேர்த்துத்தான் தருகிறது. ஆங்கில எழுத்து அவ்வாறு சேர்ந்தே வருவது, கேட்டுப் பெறவேண்டியதில்லை. தமிழ் எழுத்து கேட்டுப் பெறவேண்டியது.

வரைகலைச் சூழலை நிறுவாத சிறும இயங்குதளத்தில் பயனாளர் காணும் முனையம் ஒரே நேரத்தில் 256 அல்லது 512 எழுத்துருவங்களையே கொள்ளும். தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துகளை எண்ணளவில் இதனுள் அடக்கிவிடலாம். சிக்கல் குறியேற்ற முறையில் உள்ளது. ஒருங்குறியில் அகரமேறியவை தவிர்ந்த உயிர்மெய்கள் தனியெழுத்தாக இடம்பெறுவதில்லை. மெய்யின் அடிவடிவும் உயிர்க்குறியும் இரு குறிகளாகவே சேமிக்கப்படும். 'கெ' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின் சேமிக்கப்பட்டு, முன் காட்டப்படவேண்டும். 'கொ' என்பதில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்கவேண்டும். ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்னும் முனையத்துக்கு இவ்விடமாற்றம் தெரியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்-16 முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்துத் தரமாக ஏற்றது. எனினும் இயங்குதளங்கள் ஒருங்குறி வழியிலேயே சென்றன.

வரைகலைச் சூழலை நிறுவிய பின்னரும் தமிழ் தானாக வருவதில்லை. எழுத்துருப் பொதியைத் தனியே நிறுவும்வரை உலாவியில் தமிழ் உரை வெற்றுக் கட்டங்களாகவே தெரியும். வெண்ணிறக் கட்டங்களான இவற்றை, டோஃபு என்னும் சோயாப் பாற்கட்டியின் பெயரால் நிரலாளர்கள் அழைப்பர். அவை எம்மொழியிலும் தோன்றலாகாது என்னும் நோக்கில் கூகுள் வெளியிட்ட எழுத்துருக் குடும்பம் நோட்டோ எனப் பெயர் பெற்றது. அதனையோ, ரெட் ஹாட் வெளியிட்ட லோகித் தமிழ் எழுத்துருவையோ நிறுவி, தமிழ்99 விசைமுறையைத் தரும் உள்ளீட்டுக் கருவியையும் அமைத்தால் படிப்பதும் எழுதுவதும் கைகூடும். இவ்வளவும் சில கட்டளைகளில் முடிவனவே. முடியாதது வேறொன்று.

மொழிச்சூழல் அமைக்கப்படாத சிறும இயங்குதளம், 'சி' எனப்படும் இயல்புச் சூழலில் இயங்கும். அச்சூழலில் வரிசைப்படுத்தும் கட்டளை சொற்களைக் குறியெண் வரிசையிலேயே அடுக்கும். ஒருங்குறியில் தமிழெழுத்துகள் பிற இந்திய எழுத்துகளோடு இணையாக அடுக்கப்பட்டமையால் னகரம் நகரத்தின் பின்னும், றகரம் ரகரத்தின் பின்னும், ளகர ழகரங்கள் லகரத்தின் பின்னும் நிற்கின்றன. மலர், மழை, மனம் என அகராதியில் வரவேண்டிய சொற்கள் அங்கு மனம், மலர், மழை என வரும். புள்ளிக்குரிய குறி உயிர்க்குறிகளுக்கும் பின்னே இடம்பெறுவதால், 'மகள்' முன்னும் 'மக்கள்' பின்னும் ஆகும். ஆய்த எழுத்தோ அகரத்துக்கும் முன்னே சென்றுவிடும். மேலே குழாய் உத்தியை விளக்கக் காட்டிய சொல்லடைவைச் சங்க நூலொன்றுக்கு இவ்வழியில் உருவாக்குவார், நெடுங்கணக்கின் முறை சிதைந்த பட்டியலையே பெறுவர். பட்டியல் நீண்டதாயின் பிழை எளிதிற் கண்ணுக்குப் படாது என்பது இதிலுள்ள தீங்கு.

சிறுமத்தின் இன்னோர் எல்லையில் நிற்கும் ஆல்பைன் லினக்சில் இது மேலும் கடுமையாகிறது. வழங்கிக் கணிப்பொறிகளில், டாக்கர் கலன்களின் அடித்தளமாக ஏறத்தாழ 5 மெகாபைட்டில் இயங்குவது அது. 2014இல் அவ்வழங்கல் மஸ்ல் என்னும் சிறிய சி நூலகத்துக்கு மாறியது. மொழிவாரியான வரிசை விதிகளைத் தன்னுள் கொள்ளாமலேயே அந்நூலகம் வடிவமைக்கப்பட்டது. எனவே அங்கு மொழிச்சூழலைத் தமிழ் என அறிவித்தாலும் வரிசை மாறாது. தமிழ் அகர வரிசையைத் தரும் நூலகம் ஒன்றை நிரலாளர் தாமே தேடிச் சேர்க்கவேண்டும். அதற்கு முதலில் வரிசை பிழையானது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தமிழறிந்தோர் உடனில்லாத நிரலாளர் குழுக்களிடம் அதனை எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆர்ச் லினக்சில் இவ்விதிகள் விலக்கப்படவில்லை, உறங்கவைக்கப்பட்டுள்ளன. நிறுவும்போது திருத்தவேண்டிய மொழிச்சூழல் கோப்பில் உலகின் நூற்றுக்கணக்கான சூழல்கள் வரிக்கொன்றாகப் பட்டியலிடப்பட்டிருக்கும். இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி வரிகள் உண்டு. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும், அதனைச் செயலற்றதாக்கும் ஒற்றைக் குறி நிற்கிறது. அக்குறியை அழித்து, சூழலை உருவாக்கும் கட்டளையைத் தட்டி, இயல்பு மொழியாகத் தமிழை அறிவித்தால், தமிழாக்கம் பெற்ற நிரல்கள் தம் செய்திகளைத் தமிழில் தரத் தொடங்கும். ஆனால் வரைகலைச் சூழல் இன்னும் நிறுவப்படாத அக்கரிய முனையத்தில் அச்செய்திகள் படிக்கவியலாத குறிகளாகவே வந்து விழும். எனவே அதுவரையிலாவது இயல்பு மொழியை ஆங்கிலமாகவே வைத்திருக்க நேர்கிறது.